மேடையில் நெருப்பை இயக்க உரிமம் வாங்குவது எப்படி: ஆரம்பத்திலிருந்து முழு வழிகாட்டி

மேடையில் பாடகர் கையை உயர்த்தும் அதே நொடியில் இரண்டு பக்கமும் நெருப்புத் தூண்கள் எழும்புகின்றன இல்லையா, அதை எழுப்புகிறவர் மேடையோர இருட்டில் ஒரு சின்னக் கன்ட்ரோல் பெட்டிக்குப் பின்னால் நிற்பார். கண் மேடையில், விரல் சுவிட்சில். அந்த இடத்தில் நிற்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்த ஃபாரம், எந்த ஆபீஸ், எத்தனை நாள்? அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உரிமம் கொடுக்கிற அதிகாரி உங்களிடம் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு.

நான் முதன்முதலில் டெமோ காட்டியபோது நெருப்பு எப்படிப் பற்றும், எவ்வளவு உயரம் போகும் என்று பத்து நிமிடம் விடாமல் பேசினேன். தீயணைப்பு அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடை நடுவில் ஹோஸ் பிய்த்துக்கொண்டால் எந்த வால்வை மூடுவீர்கள்? இங்கிருந்து அங்கே போக எத்தனை நொடி ஆகும்?" என்றார். நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. நடந்து காட்டச் சொன்னார், கடிகாரத்தைப் பார்த்தார். 14 நொடி. அன்று அனுமதி கிடைக்கவில்லை. வால்வை என் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டு மறுநாள்தான் கையெழுத்து வாங்கினேன். கீழே சொல்கிற எல்லாப் படிகளையும் அந்த 14 நொடியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நெருப்பு எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே நெருப்புதான், ஆனால் சட்டத்துக்கு அப்படி இல்லை. பைரோ என்று சொல்கிற மேடை வாணவேடிக்கையில் எரிபொருளும் அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் வேதிப்பொருளும் ஒரே கலவையில் இருக்கும், பற்றவைத்துவிட்டால் தீரும்வரை நிற்காது, பல நாடுகளில் அது வெடிபொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். ஃப்ளேம் எஃபெக்ட் என்பது புரோப்பேன் போன்ற வாயுவையோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போன்ற திரவத்தையோ காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு எரிப்பது. வால்வை மூடினால் நின்றுவிடும். மூன்றாவதாகக் கையில் தீப்பந்தம் சுழற்றுவது, வாயால் நெருப்பு ஊதுவது போன்ற வித்தைகள்.

அமெரிக்காவில் இந்தப் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. பார்வையாளர் முன்னால் இயக்கும் ஃப்ளேம் எஃபெக்டுக்கு அந்த நாட்டின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ வெளியிடும் என்.எஃப்.பி.ஏ 160 என்ற தரநிலை, பார்வையாளருக்கு அருகில் வெடிக்கும் பைரோவுக்கு என்.எஃப்.பி.ஏ 1126. முதலாவது, நெருப்பை ஆள் பக்கத்திலிருந்து இயக்குகிறாரா தானாக இயங்குகிறதா, தற்காலிக அமைப்பா நிரந்தரமா என்றெல்லாம் பார்த்து வகை பிரிக்கிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் 160-ஐ ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள், ஏனென்றால் உள்ளூரில் தனி விதி இல்லாத இடங்களில்கூட அதிகாரிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அதில் இருக்கிறவைதான்.

இரண்டையும் செய்ய ஆசை இருந்தால் ஃப்ளேமில் தொடங்குங்கள் என்பது என் கருத்து. தவறு நடந்தால் மூடுவதற்கு ஒரு வால்வாவது இருக்கிறது.

ஒரு காகிதம் போதாது

"லைசன்ஸ்" என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் பொதுவாக மூன்று தனித்தனி அனுமதிகள் தேவைப்படும். உங்களுக்கானது ஒன்று: இந்த ஆள் இதை இயக்கத் தகுதியானவர் என்பது. நிகழ்ச்சிக்கானது இன்னொன்று: இந்த இடத்தில், இந்தத் தேதியில், இந்தக் கருவிகளோடு நடத்தலாம் என்பது. மூன்றாவது எரிபொருளுக்கானது: எத்தனை சிலிண்டர், எப்படிக் கொண்டுவருவது, எங்கே வைப்பது. முதலாவது கையில் இருக்கிறதே என்று மற்ற இரண்டையும் மறந்துபோய் நிகழ்ச்சி நாளன்று வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆளுக்கான உரிமம்தான் இடத்துக்கு இடம் அதிகமாக மாறுகிறது. டெக்சாஸில் ஃப்ளேம் எஃபெக்ட் ஆபரேட்டர் என்றே தனி உரிமம் உண்டு, மாநிலத் தீயணைப்பு அலுவலகம் அதைக் கொடுக்கிறது. பிரிட்டனில் நாடு முழுவதற்குமான ஒற்றை ஆபரேட்டர் உரிமம் என்று இல்லை. 1974-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நீங்கள் திறமையானவர் என்பதையும், ஆபத்துகளை முறையாக மதிப்பிட்டிருக்கிறீர்கள் என்பதையும் அரங்கத்துக்கும் உள்ளூர் நிர்வாகத்துக்கும் காட்ட வேண்டும். ஆகவே முதல் போன் அழைப்பு உங்கள் பகுதித் தீயணைப்புத் துறைக்கு. "பார்வையாளர் முன்னால் வாயு நெருப்பு எஃபெக்ட் இயக்க ஆளுக்கு உரிமம் வேண்டுமா, நிகழ்ச்சிக்கு அனுமதி வேண்டுமா, இரண்டுமா, யார் தருவார்கள்?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். "பைரோ" என்று சொல்லிவிட்டால் உங்களை வேறு மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உரிமம் உள்ள ஒருவரிடம் சேருங்கள்

குறுக்குவழி இல்லாத படி இது. உரிம முறை உள்ள இடங்களில் உரிமம் பெற்றவரின் கீழ் உதவியாளராக வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்பது வழக்கம், அப்படிக் கேட்காத இடத்திலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் சில மாதங்கள் நீங்கள் சிலிண்டர் தூக்குவீர்கள், ஹோஸ் சுருட்டுவீர்கள், தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். தீயணைப்பானோடு நிற்பது சலிப்பான வேலை போலத் தோன்றும், ஆனால் நான் அதிகம் கற்றது அங்கேதான், ஏனென்றால் அங்கே நிற்கிறவருக்கு நெருப்பை மட்டும் பார்க்கிற வேலை, மற்ற எல்லாருக்கும் பார்க்க வேறு ஏதாவது இருக்கும்.

முதல் நாளிலிருந்தே லாக்புக் எழுதுங்கள். தேதி, இடம், உள்ளரங்கா வெளியரங்கா, எத்தனை கருவி, என்ன எரிபொருள், உங்கள் பொறுப்பு என்ன, என்ன தவறியது, யாருடைய உரிமத்தின் கீழ் நடந்தது, அவருடைய கையெழுத்து. ஒரு வருடம் கழித்து மொத்தமாகக் கையெழுத்து வாங்கலாம் என்று விடாதீர்கள், ஆட்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிற தொழில் இது. அதோடு தீயணைப்பான் பயிற்சி, முதலுதவிப் பயிற்சி, எல்.பி.ஜி கையாளும் பயிற்சி மூன்றையும் இந்தக் காலத்திலேயே முடித்துச் சான்றிதழ்களை எடுத்து வையுங்கள்.

எரிபொருளைப் படியுங்கள்

தேர்வுக்கும் வேலைக்கும் இதுதான் அடித்தளம், கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

புரோப்பேன் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ். சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது அழுத்தத்தால்தான். வெளியே வந்ததும் ஒரு லிட்டர் திரவம் சுமார் 270 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் ஏறத்தாழ 2 முதல் 9.5 சதவீதம் வரை கலந்திருந்தால் பற்றும். இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு லிட்டர் திரவம் கசிந்தால் 12 கன மீட்டருக்கு மேல், அதாவது ஒரு சின்ன அறை கொள்ளும் அளவுக்கு, பற்றக்கூடிய கலவை உருவாக முடியும். அப்புறம் அது காற்றைவிட சுமார் ஒன்றரை மடங்கு கனமானது, மேலே போகாது. மேடைக்கு அடியில், கேபிள் குழிகளில், படிக்கட்டின் கீழே போய்த் தேங்கும். அதனால் சிலிண்டரை மேடைக்கு அடியில் ஒளித்துவைக்கலாம் என்று யாராவது அழகுக்காகக் கேட்டால் பதில் "முடியாது". எவ்வளவு பெரிய தயாரிப்பாளர் கேட்டாலும் அதே பதில்தான். வாசனைக்காகச் சேர்க்கும் எத்தில் மெர்கேப்டான் மூக்குக்கு எட்டும் என்பதை மட்டும் நம்பவும் கூடாது. மேடைப் புகையும் கூட்டமும் இருக்கிற இடத்தில் வாயு டிடெக்டர் ஒன்றைத் தரைமட்டத்தில் வையுங்கள்.

அடுத்தது அழுத்தம். சிலிண்டர் 20 டிகிரியில் இருந்தால் உள்ளே சுமார் 7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), 40 டிகிரிக்குப் போனால் 12 பாரைத் தாண்டிவிடும். நண்பகலில் ஒத்திகை பார்த்து உயரம் குறித்த நெருப்பு, இரவு நிகழ்ச்சியில் குட்டையாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், கருவியில் கோளாறு இருக்காது. தொடர்ந்து இயக்கும்போது திரவம் ஆவியாகச் சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சும், சிலிண்டர் வெளிப்பக்கம் பனி படியும், அழுத்தம் சரியும். அப்போது கையில் கிடைத்த ஹீட்டரை எடுத்து அதைச் சூடாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். தேவையான நெருப்புக்கு எத்தனை சிலிண்டர் வேண்டுமோ அத்தனையை ஆரம்பத்திலேயே கணக்குப் போட்டு இணையாக இணைத்துவிடுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், சாய்த்தால் வாயுவுக்குப் பதில் திரவம் குழாய்க்குள் வந்துவிடும்.

திரவ எரிபொருள்களில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பரவலாகப் புழங்குகிறது, அதன் தீப்பற்றுநிலை சுமார் 12 டிகிரிதான் என்பதால் சாதாரண வெப்பநிலையிலேயே அதன் ஆவி பற்றத் தயாராக இருக்கும். மெத்தனால் இன்னும் மோசம். அது எரிவது பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, தோல் வழியாகவும் உடலுக்குள் போகிற விஷம். வண்ண நெருப்பு, அதாவது போரிக் அமிலத்தால் பச்சை, ஸ்ட்ரான்ஷியம் உப்பால் சிவப்பு, எல்லாம் பார்க்க அழகுதான், ஆனால் புதியவர்கள் வீட்டில் கலந்து பார்க்க வேண்டாம்.

நிறுத்தும் வழியை முதலில் அமையுங்கள்

ஒரு சாதாரண வாயு ஃப்ளேம் கருவி இப்படி இருக்கும்: சிலிண்டர், ரெகுலேட்டர், கையால் மூடும் பால் வால்வு, எல்.பி.ஜி-க்கான ஹோஸ், மின்சாரத்தால் திறந்து மூடும் சாலினாய்டு வால்வு, அதற்கு முன்னால் தேவைப்பட்டால் வாயுவைச் சேர்த்துவைக்க ஒரு சின்னக் கலம், முடிவில் பற்றவைப்பதற்காக எரிந்துகொண்டே இருக்கும் சின்னப் பைலட் சுடர் அல்லது தீப்பொறி. சாலினாய்டு மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும், திறந்துகொள்ளும் வகை இந்த வேலைக்கு ஆகாது. ஒரு வால்வில் தூசி சிக்கி மூடாமல் போவது அபூர்வம் இல்லை என்பதால் வரிசையாக இரண்டு வைத்திருப்பது நல்லது. பைலட் எரிகிறதா என்று கண்காணிக்கும் சென்சாரும் இருக்க வேண்டும், ஏனென்றால் பற்றாமல் வெளியேறிய வாயு இரண்டு நொடி தாமதமாகப் பற்றினால் அது தூணாக எழாது, பந்தாக வெடிக்கும்.

கன்ட்ரோலில் பலர் தவறுவது டி.எம்.எக்ஸ் விஷயத்தில். மேடை விளக்குகளுக்குக் கட்டளை அனுப்ப எல்லாரும் பயன்படுத்தும் டி.எம்.எக்ஸ் 512 என்ற முறையில் 512 சேனல்கள் உண்டு, ஆனால் போய்ச் சேர்ந்த தகவல் சரியானதா என்று சரிபார்க்கும் கட்டாய ஏற்பாடு அதில் இல்லை. ஆபத்தான கருவிகளுக்கு இது ஏற்றதல்ல என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. விளக்கு ஒன்று தவறாக மின்னினால் யாருக்கும் வலிக்காது. ஆகவே டி.எம்.எக்ஸ் வழியாக கியூ, அதாவது "இப்போது இயக்கு" என்ற சைகை, வரட்டும், ஆனால் கருவி பற்றுவதற்கு உங்கள் கையில் உள்ள தனி வயர் வழியாக வரும் டெட்மேன் சுவிட்சும் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். விரலை எடுத்தால், மயங்கி விழுந்தால்கூட, நெருப்பு நிற்க வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப் வால்வுகளின் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும், மென்பொருளிடம் "நிறுத்து" என்று கேட்கிற பட்டனாக இருந்தால் அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

விண்ணப்பமும் தேர்வும்

இதில் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. வயது, அடையாளச் சான்று, பின்னணிச் சரிபார்ப்பு, உங்களை வேலை வாங்கியவர்களின் கடிதங்கள், லாக்புக் நகல், பயிற்சிச் சான்றிதழ்கள். எழுத்துத் தேர்வு இருந்தால் கேள்விகள் விதிமுறைப் புத்தகத்திலிருந்தும் எரிபொருள் பண்புகளிலிருந்தும் வரும், மேலே உள்ள எண்கள் வாயில் வர வேண்டும். தனியாகத் தொழில் செய்யப்போகிறீர்கள் என்றால் மூன்றாம் நபர் காப்பீடு இப்போதே தேடுங்கள். சாதாரண நிகழ்ச்சிக் காப்பீட்டில் நெருப்பு எஃபெக்டை விலக்கிவைக்கும் வாக்கியம் பெரும்பாலும் எங்காவது ஒளிந்திருக்கும், பாலிசியை உட்கார்ந்து படியுங்கள்.

ஃப்ளேம் பிளான் எழுதுவது

உரிமம் வந்துவிட்டது, சரி. இனி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அனுமதி கேட்டு ஒரு திட்டம் கொடுக்க வேண்டும். யார் நடத்துகிறார்கள், தேதி, நேரம், ஆபரேட்டர்கள், கருவிகளின் வகையும் எண்ணிக்கையும், எரிபொருள் அளவு, மேலிருந்து பார்க்கும் வரைபடம், பக்கவாட்டு வரைபடம். பக்கவாட்டு வரைபடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிரச்சினை எல்லாம் அங்கேதான் தெரியும்: மேலே தொங்கும் டிரஸ் என்ற உலோகச் சட்டகம், திரை, விளக்குகள், கூரை, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர். சிவப்புக் கண்ணாடிக் குமிழ் உள்ள வழக்கமான ஸ்பிரிங்க்ளர் 68 டிகிரியில் உடையும். நெருப்பு அதைத் தொட வேண்டியதே இல்லை, மேலே சேரும் சூடான காற்று போதும், நிகழ்ச்சியே தண்ணீரில் முடிந்துவிடும். புகை டிடெக்டர்களை நிறுத்திவைக்க வேண்டியிருந்தால் கட்டடப் பொறுப்பாளர்தான் அதைச் செய்ய வேண்டும், அதுவரை ஆள் வைத்துக் காவல், முடிந்ததும் மறுபடி இயக்கியதற்குக் கையெழுத்து.

சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டுப் பாருங்கள், எதனால் செய்தது என்று கேளுங்கள். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் இரவு விடுதியில் மேடைப் பைரோவின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் பற்றி 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாண்டா மரியாவில் கிஸ் விடுதியில் அதே கதை, வெளியிடத்தில் கொளுத்த வேண்டிய ஒரு பொருளை உள்ளே கொளுத்தினார்கள், கூரையிலிருந்த நுரை பற்றியது, 242 பேர். இரண்டும் பைரோ விபத்துகள், ஆனால் நுரைக்கு அந்த வேறுபாடு தெரியாது. துணிகளுக்கும் அலங்காரங்களுக்கும் தீ எதிர்ப்புச் சான்றிதழ் கேளுங்கள், அமெரிக்காவில் என்றால் என்.எஃப்.பி.ஏ 701 சோதனை. சான்றிதழ் இல்லை என்றால் கழற்றச் சொல்லுங்கள். அலங்காரக் குழு உங்களைத் திட்டும், திட்டட்டும்.

டெமோவும் நிகழ்ச்சி நாளும்

அதிகாரி வரும்போது எல்லாம் இணைக்கப்பட்டு, சோப்புத் தண்ணீரால் ஒவ்வொரு இணைப்பும் கசிவு பார்க்கப்பட்டு, தீயணைப்பான்கள் இடத்தில் இருக்க வேண்டும். முதலில் நிறுத்துவதைக் காட்டுங்கள், பிறகு பற்றவைப்பதைக் காட்டுங்கள். வரிசையை இப்படி மாற்றியதிலிருந்து என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பாதியாகக் குறைந்தன. நிகழ்ச்சியில் வரப்போகிற அதே உயரம், அதே நேரத்துக்கு இயக்கிக் காட்டுங்கள். டெமோவில் சின்னதாகக் காட்டிவிட்டு இரவில் பெரிதாக்குவது உங்கள் உரிமத்தை நீங்களே கிழிப்பது.

மேடையில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும், கலைஞர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நேரில் சொல்லிக் காட்டுங்கள். 1992 ஆகஸ்ட் 8 அன்று மாண்ட்ரியாலில் மெட்டாலிகா குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் இசைத்துக்கொண்டிருக்கும்போதே நெருப்பு எழும்பும் இடத்துக்குள் நடந்து போய்க் கடுமையாகத் தீக்காயம் அடைந்தார். அனுபவமுள்ள கலைஞர், பெரிய குழு, அப்படியும் நடந்தது. நான் கருவியைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டி, கலைஞரை அந்தக் கோட்டின் மேலேயே நடக்கவைத்து, வெப்பம் முகத்தில் படுகிற தூரத்தில் நின்று ஒருமுறை நெருப்பைப் பார்க்கவைப்பேன். அதற்குப் பிறகு யாரும் கோட்டைத் தாண்டியதில்லை. நைலான் உடை, சவுரி முடி, ஹேர் ஸ்பிரே பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள். நடனக் கலைஞர்கள் மேடையேறுவதற்குச் சற்று முன் ஸ்பிரே அடித்துக்கொள்வார்கள், ஒத்திகையில் அது தெரியாது.

வெளியரங்கில் காற்று. கையடக்கக் காற்றுமானி வைத்துக்கொள்ளுங்கள், எந்த வேகத்துக்கு மேல் இயக்க மாட்டீர்கள் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள், அப்போது இரவில் மேடை மேலாளரோடு வாக்குவாதம் வராது, காகிதத்தைக் காட்டினால் போதும். ஒவ்வொரு கருவியையும் முழுதாகப் பார்க்கும்படி ஓர் ஆள் நிற்க வேண்டும், அவர் வாக்கி டாக்கியில் "ஸ்டாப்" என்றால் காரணம் கேட்காமல் விரலை எடுக்க வேண்டும். குழாயிலிருந்து வாயு எரிந்துகொண்டிருந்தால் முதல் வேலை வாயுவை மூடுவது, நெருப்பை மட்டும் அணைத்துவிட்டால் எரியாத வாயு தேங்கி இன்னொரு இடத்தில் பற்றும். யாருக்காவது தீக்காயம் பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம், மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு. பனிக்கட்டி வேண்டாம், பற்பசை வேண்டாம். மேடைக்குப் பின்னால் ஓடும் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதை காலையிலேயே பார்த்து வையுங்கள்.

முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிச்சமிருக்கும் வாயுவை எரித்துத் தீர்த்து, அழுத்தமானி பூஜ்ஜியம் காட்டிய பிறகுதான் யாரும் கருவிக்குக் கிட்டே போக வேண்டும். அப்புறம் லாக்புக். உரிமம் வந்த பிறகு பலர் அதை எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். பற்றாமல் போன கியூ, நீங்களே வேண்டாம் என்று விட்ட கியூ, இரண்டையும் காரணத்தோடு எழுதுங்கள். நான் முதல் தடவை உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது அதிகாரி சரியாக நடந்த நிகழ்ச்சிகளின் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டு, காற்று அதிகம் என்று நெருப்பே விடாமல் முடித்த ஒரு நிகழ்ச்சியின் பக்கத்தில் நின்று, அதை மட்டும் இரண்டு முறை படித்தார்.